பழைய மெயின் ரோட்டை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மழைத்தண்ணி இறங்கவும் மாத்துறதுன்னா என்ன?

எங்க வீடு சென்னை புறநகர்ல. தெரு முனையில ஒரு மெயின் ரோடு. நான் சின்னப்பையனா இருந்தப்போ அது ஒத்தை லாரி போற அளவுக்குத்தான் தார் போட்ட ரோடு, ரெண்டு பக்கமும் புளியமரம், ஒரு ஓரமா ஏரி வாய்க்கால். அப்புறம் மனை பிரிச்சு வித்தாங்க, வீடு வந்துச்சு, ஸ்கூல் வந்துச்சு, பேக்கரி, மெடிக்கல், கல்யாண மண்டபம்னு ஒவ்வொண்ணா வந்துச்சு, ஒவ்வொண்ணு வரும்போதும் ரோடு கொஞ்சம் அகலமாச்சு, மரம் போச்சு, வாய்க்கால் மேல சிலாப் விழுந்துச்சு. இப்போ சுவத்துக்கு சுவர் 60 அடி இருக்கு. எங்க அம்மாவுக்கு முட்டி வலி. எதிர்ப்பக்கம் இருக்கிற மெடிக்கலுக்குப் போக ஆட்டோ கூப்பிடுறாங்க. நம்ம பக்கத்துல நின்னா அந்தக் கடை போர்டைப் படிக்கலாம், அவ்வளவு தூரம்தான், ஆனா ஆட்டோ கொஞ்சதூரம் போய் யூ டர்ன் அடிச்சு அங்க இறக்கி விடுது. இதை எழுத உக்காந்ததுக்குக் காரணம் அதுதான்.

இந்த மாதிரி ரோட்டை மறுபடி வடிவமைக்கிறதுக்குன்னு உலகம் பூரா ஒரு வேலைமுறை இருக்கு. கம்ப்ளீட் ஸ்ட்ரீட், ரோடு டயட், கிரீன் ஸ்ட்ரீட்னு பல பேர்ல சொல்லுவாங்க. பேரை விடுங்க, விஷயம் ரொம்ப எளிசு. ஒரு பக்க காம்பவுண்டு சுவர்லேர்ந்து அந்தப் பக்க சுவர் வரைக்கும் இருக்கிற மொத்த அகலத்தையும் ஒரு சொத்து மாதிரி எடுத்துக்கணும், அதை யார் யாருக்கு எவ்வளவுன்னு திரும்பப் பாகம் பிரிக்கணும். இப்போ நடந்திருக்கிற பாகப்பிரிவினையில வண்டிக்கு மொத்தமும் போயிருக்கு, நடக்கிறவங்களுக்கு மிச்சம் மீதி, மரத்துக்கும் மழைத்தண்ணிக்கும் ஒண்ணுமே இல்ல.

புறநகர் ரோடுக்கு இது ஏன் முக்கியம்னா, அதோட வேலை மாறிடுச்சு. முதல்ல அது ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் போற ரோடு. இப்போ அதே ரோடு கடைத்தெரு, ஸ்கூல் வாசல், கோயில் வாசல், பஸ் ஸ்டாப் எல்லாம். சார்லஸ் மரோன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் இந்த வகைக்கு 'ஸ்ட்ரோடு'ன்னு ஒரு பேர் வச்சார், ஸ்ட்ரீட்டும் ரோடும் கலந்தது. வேகமா போகவும் முடியாது, நிம்மதியா நிக்கவும் முடியாது. அவர் அங்க இருக்கிற ரோட்டைப் பாத்துச் சொன்னதுதான், ஆனா தாம்பரம், ஆவடி பக்கம் எந்த மெயின் ரோட்டுல நின்னு பாத்தாலும் அந்த வார்த்தை பொருந்துது.

சரி, இப்போ அந்த 60 அடியை அளவு போட்டுப் பாக்கலாம். 60 அடின்னா கிட்டத்தட்ட 18 மீட்டர். ஒரு பஸ்சோட அகலம் இரண்டரை மீட்டர் சொச்சம்தான், அதனால போக ஒரு லேன் வர ஒரு லேன், ஒவ்வொண்ணும் 3.25 மீட்டர்னு வச்சா வண்டிக்கு 6.5 மீட்டர் போதும். ரெண்டு பக்கமும் 2 மீட்டர் சைக்கிள் பாதை, அது 4 மீட்டர். ரெண்டு பக்கமும் 1.8 மீட்டர் பிளாட்பாரம், 3.6. மரம், செடி, நடுநடுவுல வண்டி நிறுத்துற இடம், இதுக்கு ரெண்டு பக்கமும் 1.8 மீட்டர், இன்னொரு 3.6. மொத்தம் 17.7 ஆச்சு, மிச்சம் 30 சென்டிமீட்டர் ஓரக்கல்லுக்கு. ஒரு சுவரும் இடிக்கல, ஒரு அடி நிலமும் கையகப்படுத்தல. இதை முதல் தடவை பேப்பர்ல கூட்டிப் பாத்தப்போ எனக்கே நம்பிக்கை வரல, இடமே இல்லன்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருந்தோம்.

உடனே வர்ற கேள்வி, நாலு வண்டி பக்கத்துல பக்கத்துல போற ரோட்டை ரெண்டு லேனாக்கினா டிராபிக் ஜாம் ஆகிடாதா? இதுக்குப் பதில் சொல்ல ஆர்லாண்டோவுக்குப் போகணும், அமெரிக்காவுல புளோரிடா மாநிலம். அங்க காலேஜ் பார்க்னு ஒரு பழைய குடியிருப்புப் பகுதி, அதுக்கு நடுவுல எட்ஜ்வாட்டர் டிரைவ்னு ஒரு ரோடு, நாலு லேன், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 வண்டி. எப்படியும் மேல புதுசா தார் போடப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஊர்க்காரங்களும் நகர நிர்வாகமும் சேர்ந்து, போடுறப்போவே லேன் பிரிக்கிற கோட்டை மாத்திப் போடுங்கன்னு கேட்டாங்க. 2002 வாக்குல சுமார் 2.4 கிலோமீட்டர் தூரத்துக்கு நாலு லேன் மூணாச்சு, போக ஒண்ணு, வர ஒண்ணு, நடுவுல திரும்புற வண்டி காத்திருக்க ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் சைக்கிள் லேன். பெரும்பாலும் பெயின்ட் வேலைதான். அதுக்கு முன்னாடி 9 நாளைக்கு ஒருத்தர் காயம் படுற விபத்து நடந்துக்கிட்டிருந்த ரோட்டுல, மாத்துனதுக்கு அப்புறம் 30 நாளைக்கு ஒண்ணுன்னு ஆச்சு. நடக்கிறவங்களும் சைக்கிள்காரங்களும் கூடினாங்க.

இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பயம் போயிடும். நடுவுல தடுப்பு இல்லாத நாலு லேன் ரோட்டுல, குறுக்கத் திரும்பணும்னு ஒரு வண்டி உள் லேன்ல நின்னா அந்த லேன் செத்துப்போச்சு, பின்னாடி வர்றவன் சடார்னு வெளி லேனுக்கு ஒடிக்கிறான், அங்க வர்ற பைக்கைப் பாக்கல, இடி. அதாவது நாலு லேன்னு பேருக்குத்தான், திரும்புற வண்டி அதிகம் இருக்கிற ரோட்டுல உருப்படியா ஓடுறது ரெண்டு லேன்தான். திரும்புற வண்டிக்குன்னு தனியா இடம் குடுத்துட்டா மத்தவங்க நிக்காம போறாங்க. ஒரு நாளைக்கு சுமார் 20,000 வண்டி வரைக்கும் போற ரோட்டுக்கு இது சரிப்படும்னு அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையோட வழிகாட்டுதல்லயே இருக்கு. அதுக்கு மேல போற ரோட்டுக்கு நல்லா ஆராய்ஞ்சுதான் இறங்கணும். முதல்ல வண்டியை எண்ணணும், காலைல, சாயங்காலம், ஞாயித்துக்கிழமை, முகூர்த்த நாள், எல்லாத்தையும்.

லேனைக் குறுக்குறதுல இன்னொரு பலன் வேகம் குறையுறது. ரோடு அகலமா இருந்தா கால் தானா ஆக்சிலேட்டரை அமுக்கும், போர்டுல 40ன்னு எழுதியிருந்தாலும் யாரும் பாக்கமாட்டாங்க. கார் இடிச்சா நடக்கிறவர் பிழைப்பாரா மாட்டாராங்கிறது இடிக்கிற வேகத்தைப் பொறுத்தது. அமெரிக்காவுல சாலைப் பாதுகாப்பை ஆராயுற ஏஏஏ பவுண்டேஷன்ங்கிற அமைப்பு 2011-ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க: மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்துல இடிச்சா சாகுற வாய்ப்பு 10 சதவீதம், 51-ல 25 சதவீதம், 68-ல 50 சதவீதம். வயசானவங்களுக்கு இதைவிட மோசம். 50-ல போற வண்டியை 35-க்கு கொண்டுவர்றதுல ஓட்டுறவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு அரை நிமிஷம் வாக்குலதான் அதிகமாகும். அந்த அரை நிமிஷத்துக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்குன்னு நினைச்சுப் பாருங்க.

பிளாட்பாரத்துக்கு வர்றேன், ஏன்னா நம்ம ஊர்ல எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். நம்ம நாட்டுல ரோட்டுக்கு அளவும் தரமும் வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட விதிப்புத்தகத்துல தெளிவா இருக்கு, குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் தடையே இல்லாம இருக்கணும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது. தடையே இல்லாமங்கிறதுதான் முக்கியமான வார்த்தை. ரெண்டு மீட்டர் பிளாட்பாரம் போட்டு நடுவுல ஈபி பாக்ஸ், அதுக்குப் பக்கத்துல சிசிடிவி கம்பம்னு நட்டா அது பிளாட்பாரமே இல்ல. உயரமும் அப்படித்தான், ஒரு அடி உயரத்துக்குக் கட்டினா எங்க அம்மா மாதிரி ஆளுங்க ஏறவே மாட்டாங்க, ரோட்டுலயே நடப்பாங்க, அப்புறம் பிளாட்பாரம் காலியா கிடக்கு பாருன்னு அதுல பைக் நிறுத்துவாங்க. ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் பிளாட்பாரத்தை வெட்டி இறக்குறாங்களே, அது அடுத்த தப்பு. நடக்கிறவர் பத்தடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கணுமா? பிளாட்பாரம் ஒரே மட்டத்துல போகணும், கார் ஏறி வர்ற சரிவை ஓரத்துல இருக்கிற செடிப் பட்டைக்குள்ள முடிச்சுக்கணும். தெரு முனையிலயும் அதேதான், தெருவைத் தாண்டி பிளாட்பாரம் அதே உயரத்துல ஓடணும், உள்ள திரும்புற வண்டிதான் ஒரு மேடு ஏறி இறங்கணும், அதுவே ஸ்பீட் பிரேக்கரும் ஆயிடும்.

ரோட்டைத் தாண்டுறதுக்கு நடுவுல நிக்க ஒரு திட்டு வேணும். இதைப் போல குறைஞ்ச செலவுல உயிர் காப்பாத்துற விஷயம் வேற இல்லன்னு நான் நினைக்கிறேன். முதல்ல வலது பக்கம் வர்ற வண்டியை மட்டும் பாத்து பாதி தாண்டலாம், திட்டுல நின்னு மூச்சு வாங்கலாம், அப்புறம் இடது பக்கம் பாத்து மீதி. 40 அடி தாரை ஒரே ஓட்டமா ஓடித் தாண்டுறதுக்குப் பதிலா 10, 11 அடியா ரெண்டு தடவை. திட்டு வர்ற இடத்துல மட்டும் ரெண்டு ஓரத்துலயும் வண்டி நிறுத்துற இடத்தை எடுத்துட்டு லேனைக் கொஞ்சம் வளைச்சு விட்டா போதும்.

சைக்கிள் பாதைன்னு சொன்னாலே ஹெல்மெட் போட்டு ஞாயித்துக்கிழமை ஓட்டுறவங்க ஞாபகம் வருது நிறைய பேருக்கு. ரோட்டுல காலை அஞ்சரை மணிக்கு நின்னு பாருங்க, யார் சைக்கிள்ல போறாங்கன்னு. நைட் டூட்டி முடிச்ச வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போறவர், டீ கேன் கட்டினவர், யூனிபார்ம் போட்ட பசங்க. நம்ம அரசாங்கமே வருஷா வருஷம் ப்ளஸ் ஒன் பசங்களுக்கு இலவசமா சைக்கிள் குடுக்குது, அந்தப் பிள்ளை அதை ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போக ரோட்டுல ஒரு முழம் இடம் குடுக்கல. வெறும் வெள்ளைக்கோடு போட்டா அது ரெண்டு நாள்ல ஷேர் ஆட்டோ ஸ்டாண்ட் ஆயிடும், அதனால வண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவுல அந்தச் செடிப் பட்டை வரணும், பஸ் ஸ்டாப் வர்ற இடத்துல சைக்கிள் பாதை ஸ்டாப்புக்குப் பின்னாடி சுத்திப் போகணும். பைக்காரங்க உள்ள பூந்துடுவாங்களேன்னா, பூருவாங்க. தடுப்புக் கட்டை நட்டாலும் வீல்சேர் போற இடைவெளியில ஸ்கூட்டரும் போகும். அதுக்கு வடிவமைப்புல முழு மருந்து கிடையாது, போலீஸ் நிக்கணும், ஆரம்ப ஆறு மாசமாவது.

இனிமே மழைத்தண்ணி. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், ஏன்னா இது நம்ம ஊருக்கு புதுசே இல்ல. 100 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், அது 1,800 சதுர மீட்டர். அதுல 5 சென்டிமீட்டர் மழை பெஞ்சா 90,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில ஏழரை லாரி, வெறும் 100 மீட்டர் ரோட்டுல. இப்போ அது அத்தனையும் தார் மேல ஓடி, பிளாஸ்டிக் அடைச்ச வடிகால் ஓட்டையில நுழைய முடியாம, தாழ்வா இருக்கிற வீட்டுக்குள்ள போகுது. அப்புறம் ஏப்ரல் மாசம் அதே வீட்டுக்காரர் லாரித் தண்ணிக்கு போன் பண்றார்.

பச்சைக் கட்டமைப்புன்னா, அந்த ஓரச் செடிப் பட்டையை ரோட்டை விட மேடா கட்டாம பள்ளமா கட்டுறது. மேடா தொட்டி மாதிரி கட்டி குரோட்டன்ஸ் வச்சா அது அலங்காரம், பள்ளமா இருந்தா அது மழைத்தோட்டம். ஓரக்கல்லுல அங்கங்க ஒரு அடி இடைவெளி விட்டா ரோட்டுத் தண்ணி அது வழியா உள்ள வரும், 20 சென்டிமீட்டர் வரைக்கும் தேங்கும், மணலும் மக்கின உரமும் கலந்த மண்ணு வழியா மெதுவா இறங்கும். அதுக்கு மேல வர்ற தண்ணி ஒரு உயரமான வாய் வழியா வழக்கமான வடிகாலுக்குப் போயிடும். வரத்து, கொள்ளளவு, மிஞ்சின தண்ணி வெளிய போற கலங்கல். ஏரியோட அதே கணக்கு. நம்ம புறநகர்ல பாதி எந்த ஏரி ஆயக்கட்டு மேல, அதாவது ஏரித்தண்ணி பாஞ்ச நிலத்து மேல, உக்காந்திருக்கோ அந்த ஏரியோட வேலையை ஆறடி அகலத்துல திரும்பச் செய்யுறதுதான் இது. கேட், பார்க்கிங் எல்லாம் போக பட்டையில பாதி நீளம்தான் கிடைக்கும்னு வச்சாலும், 100 மீட்டருக்கு 30,000 லிட்டருக்கு மேல அதுல நிக்கும், நிக்கும்போதே கீழயும் இறங்கிக்கிட்டிருக்கும்.

கொசு வராதான்னு கேப்பீங்க, டெங்கு பாத்த ஊர், கேக்கத்தான் வேணும். கொசு முட்டை கொசுவா ஆக ஒரு வாரமாவது ஆகும், ஒழுங்காக் கட்டின மழைத்தோட்டத்துல தண்ணி ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள்ல இறங்கிடணும். களிமண் பகுதியா இருந்தா கீழ ஓட்டை போட்ட பைப் புதைச்சு ஜல்லி போடணும், இல்லன்னா நிஜமாவே குட்டை ஆயிடும். ரெண்டு நாளுக்கு மேல தண்ணி நின்னா அது கட்டினவர் தப்பு, திரும்பத் தோண்டச் சொல்லணும். இன்னொண்ணு, சாக்கடையைத் திருட்டுத்தனமா மழைநீர் வடிகால்ல விடுற பழக்கம் இருக்கிற வரைக்கும் எந்தப் பச்சைத் திட்டமும் நாறும். இதைச் சரி பண்ணாம செடி வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

இது நிஜமா வேலை செஞ்ச இடம் சியாட்டில். அந்த ஊரோட வடமேற்குல பழைய புறநகர்ப் பகுதி, பிளாட்பாரமும் கிடையாது, சரியான வடிகாலும் கிடையாது. அங்க செகண்ட் அவென்யூங்கிற தெருவுல ஒரு பிளாக்கை மட்டும் எடுத்து 2001-ல மாத்துனாங்க. தாரை 14 அடியாக் குறைச்சு, நேரா போன தெருவைப் பாம்பு மாதிரி லேசா வளைச்சு, ஒரு பக்கம் பிளாட்பாரம், ரெண்டு பக்கமும் ஆழமில்லாத செடி வாய்க்கால், 100-க்கு மேல மரம், 1,100 புதர்ச்செடி. ரெண்டு வருஷம் அளந்து பாத்ததுல தெருவை விட்டு வெளிய ஓடின மழைத்தண்ணி 99 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. வீட்டுக்காரங்களே அந்தச் செடியைப் பாத்துக்கிறாங்க. நான் இதைச் சொல்லும்போது ஒண்ணு சேத்துச் சொல்லிடுவேன், அங்க மழை தூறல் மாதிரி நாள் கணக்குல பெய்யும், நமக்கு வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் பக்கம் பெய்யுற மழையில பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில கொட்டும். 99-ஐ இங்க எதிர்பாக்கக்கூடாது. 2015 டிசம்பர் மாதிரி மழைக்கு எந்த மழைத்தோட்டமும் தாங்காது, அதுக்கு ஏரியும் பெரிய கால்வாயும்தான். வருஷத்துல பல தடவை பெய்யுற ரெண்டு மூணு சென்டிமீட்டர் மழைக்கே முழங்கால் தண்ணி நிக்குதே, அதுக்குத்தான் இது.

மரம் எதுன்னு கேட்டா புங்கை, பூவரசு, மகிழம், வேம்புன்னு சொல்லுவேன். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் வந்தப்போ ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சதை எல்லாரும் பாத்தோம், வேரைச் சுத்தி சிமென்ட் பூசி, ஒரு பக்க வேரை வடிகாலுக்குன்னு வெட்டின மரம் எப்படி நிக்கும். மழைத்தோட்டத்துக்குள்ள நட்ட மரத்துக்கு வேர் ஓட மண்ணும் கிடைக்குது, தண்ணியும் கிடைக்குது, நாலஞ்சு வருஷத்துல பிளாட்பாரத்துக்கு நிழல் வந்துடும். நிழல் இல்லாத பிளாட்பாரத்துல மே மாசம் பதினோரு மணிக்கு மேல யாரும் நடக்கமாட்டாங்க, எவ்வளவு அழகா டைல்ஸ் போட்டாலும். வாய்க்கால் சரிவுக்கு வெட்டிவேர் நல்லது, வேர் ஆழமாப் போய் மண்ணைப் பிடிச்சுக்கும்.

கடைக்காரங்க எதிர்ப்பாங்க. அவங்க பயம் நியாயமானது, கடை முன்னாடி வண்டி நிக்கலன்னா வியாபாரம் போயிடும்னு நினைக்கிறாங்க. இங்கிலாந்துல பிரிஸ்டல்ல கடைக்காரங்ககிட்ட உங்க வாடிக்கையாளர்ல எத்தனை பேர் கார்ல வர்றாங்கன்னு கேட்டப்போ 41 சதவீதம்னு சொன்னாங்க, வாடிக்கையாளர்களையே கேட்டா 22 தான். கார்ல வர்றவர் கண்ணுக்குத் தெரியுறார், நடந்து வர்றவர் தெரியுறதில்ல. நம்ம பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல அகலமான நடைபாதை திறந்தாங்களே, அது நகரத்துக்கு நடுவுல இருக்கிற பெரிய கடைத்தெரு, நம்ம புறநகர் ரோடு அப்படி ஆகணும்னு இல்ல, ஆனா பிளாட்பாரம் அகலமானா ஜனம் எப்படி நடக்குதுன்னு நம்பாதவங்களை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்க கூட்டிட்டுப் போய் காட்டலாம். தள்ளுவண்டி, பூக்கடை, இளநீர்க்காரர் இவங்களுக்கு வரைபடத்துலயே இடம் போடணும், போடலன்னா அவங்க பிளாட்பாரத்துலதான் நிப்பாங்க, அவங்களைத் துரத்துறது தீர்வு ஆகாது.

காசு எங்கேர்ந்து வரும்னா, ஏற்கனவே வந்துக்கிட்டிருக்கு. ரோடு சில வருஷத்துக்கு ஒரு தடவை எப்படியும் திரும்பப் போடுறாங்க, பாதாளச் சாக்கடைக்குன்னு எப்படியும் தோண்டுறாங்க. நெதர்லாந்துல 1971-ல சாலை விபத்துல சுமார் 3,300 பேர் செத்தாங்க, அதுல 400-க்கு மேல குழந்தைங்க, ஜனம் தெருவுல இறங்கிப் போராடினாங்க, ஆனா அதுக்கப்புறம் நாட்டையே ஒரே ராத்திரியில யாரும் மாத்தல. ஒவ்வொரு தெருவையும் பழுது பாக்கத் திறக்கும்போது பழைய மாதிரியே மூடாம புது வடிவத்துல மூடினாங்க, பல வருஷமா. எட்ஜ்வாட்டர் கதையும் அதேதான். நம்மகிட்ட பழைய தார் மேலயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு வீட்டை விட உசந்து போச்சு, எங்க வீட்டு வாசல்ல முன்னாடி மூணு படி ஏறணும், இப்போ ஒரு படி இறங்கணும். 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டார். அந்தச் சுரண்டுற மெஷின், மில்லிங் மெஷின், வர்ற நாள்தான் கோட்டை மாத்துறதுக்கு நல்ல நாள், ஏன்னா அன்னிக்கு ரோடு வெறும் பலகை மாதிரி இருக்கும்.

சென்னை மாநகராட்சி 2014-லயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை ஏத்துக்கிச்சு, போக்குவரத்துக்கு ஒதுக்குற பணத்துல குறைஞ்சது 60 சதவீதம் நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு அதுல இருக்கு. புறநகர்ல தனி மாநகராட்சியா ஆன ஊர்க்காரங்க இதைக் காட்டி எங்களுக்கும் அப்படி ஒரு கொள்கை வேணும்னு கேக்கலாம். டெண்டர் விடுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது குறுக்குவெட்டுப் படம், அதாவது சுவத்துக்கு சுவர் ரோட்டை கேக் மாதிரி வெட்டினா எது எத்தனை மீட்டர்னு காட்டுற ஒரு பக்கப் படம். அதுல பிளாட்பாரம் 1.8 இருக்கா, செடிப் பட்டை பள்ளமா மேடா, ஈபி பாக்ஸ் எந்தப் பட்டையில நிக்குது, இந்த மூணும் அந்த ஒரு பக்கத்துல தெரிஞ்சுடும்.

போன ஞாயித்துக்கிழமை காலைல வண்டி வர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் 30 மீட்டர் டேப் வச்சு எங்க ரோட்டை மெடிக்கல் வாசல்ல அளந்தோம். சுவத்துக்கு சுவர் 18 மீட்டர் 10 சென்டி, அதுல தார் 13 மீட்டர் 40. எங்க பக்கத்துப் பிளாட்பாரம் 90 சென்டி, நடுவுல டிரான்ஸ்பார்மர். எதிர்ப்பக்கம் பிளாட்பாரமே இல்ல. அளவை எல்லாம் அம்மா ஒரு பழைய காலண்டர் தாள் பின்னாடி எழுதிக்கிட்டாங்க, அதை அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போறோம்.